செவர்லேயின் வால்

என் மனுசன் கிறிஸ்ரோபர் கதை குறைந்த ஆள். அவர் வாய் திறந்தால் ஒன்றில் அவருக்குப் பசிக்கிறது, இல்லாவிட்டால் எனக்குக் கோபம் வரப்போகிறது. அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவியபடியே, காரை விற்கிறதாக வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். காரைக் கொடுத்து ஒரு வான் எடுத்தால் பலாலி விமான நிலையத்துக்கு ஓடலாமாம். நான் சொதிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். சட்டி கைநழுவாமல் தப்பியது மாதாவின் புண்ணியம்.

கார் என்றால் சும்மா கார் இல்லை. செவர்லே பெல் எயார். அமெரிக்கக் கார். வான நீலமும் வெள்ளையும். என் மாமா, அதாவது கிறிஸ்ரோபரின் தகப்பன், கொழும்பில் ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கிக் கொண்டுவந்தது. குருநகரிலும் பாஷையூரிலும் தாலி கட்டக் கோயிலுக்குப் போன பொம்பிளைகளில் பாதிப்பேர் அதில்தான் போனார்கள். பூக்கட்டி, றிபன் இழுத்து, பின் சீற்றுக்கு வெள்ளை விரித்து அதைச் சோடிக்கிறது நான். பொம்பிளையை ஏற்றி, தலையில் போட்ட நெற் முக்காடு கசங்காமல் கதவைச் சாத்துகிறதும் நான். இப்போது என் மகள் லவீனாவுக்குக் கலியாணம். எங்கள் கோயில் புனிதர் யாகப்பரின் திருநாள் முடிந்து அடுத்த கிழமை. நாலு வயதிலேயே அந்தப் பின் சீற்றில் ஏறியிருந்து, ரோட்டால் போகிற சனத்துக்குக் கை காட்டின பிள்ளை அவள். ஊர்ப் பெட்டைகளெல்லாம் போன காரில் என் பெட்டை மட்டும் போக முடியாதென்றால் எனக்கு எப்படி இருக்கும்?

இன்னொரு எரிச்சலும் உண்டு. என் கலியாணம் தொண்ணூற்றி நாலில். பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத காலம். கார்பரேற்றருக்குள் ஊசியால் நாலு துளி பெற்றோல் அடித்து எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். வீட்டு வாசலைத் தாண்டின பொம்பிளை கோயில் வாசலில்தான் நிலத்தில் கால் வைக்கவேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம். என்னை ஏற்றின செவர்லே பாதி வழியில் நின்றது. கையிலிருந்த பெற்றோல் துளியும் முடிந்தது. தள்ள ஆள் காணாது. நான் இறங்கி, நெற்றை இடுப்பில் செருகிக்கொண்டு, கோயில் வரை தள்ளினேன். படியில் நின்ற மாப்பிள்ளை சிரிக்கவில்லை. ஓடிவந்து எனக்குப் பக்கத்தில் நின்று தானும் தள்ளினார். அதை நினைத்தே அந்த மனுசனின் எத்தனையோ குற்றங்களைப் பொறுத்திருக்கிறேன். வான் கதையோடு அதெல்லாம் தீர்ந்துபோயிற்று.

வாங்க வந்தவர் கோபிசங்கர். ஊர் சண்டிலிப்பாய், இருப்புக் கனடா. சண்டிலிப்பாயில் தன் காணிக்குள் ஹோட்டல் ஒன்று கட்டுகிறார். பெல் எயார்களில் உலகம் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது ஐம்பத்தேழாம் ஆண்டுக் காரையாம். அவர் பிறந்ததும் ஐம்பத்தேழில். எனவே ஹோட்டலுக்கே ஐம்பத்தேழு என்று பெயர் வைத்து, பலகையும் எழுதி முடித்துவிட்டார். இனிக் கார்தான் வரவேண்டும். எங்கள் காரின் பதிவுப் புத்தகத்தில் ஐம்பத்தேழு என்று இருந்தது. ஊரும் அதை ஐம்பத்தேழு என்றுதான் சொல்லும். வரவேற்பறையில் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திவைப்பாராம். எண்ணெய் சிந்தி மாபிள் ஊத்தையாகாமல் எஞ்சினைக் கழற்றிவிடுவாராம். ஓடுகிற காரின் எஞ்சினைக் கழற்றுகிறவனுக்கு என்ன தண்டனை என்று வேதாகமத்தில் எழுதாமல் விட்டது பெரிய பிழை.

லவீனாவின் கலியாணம் முடியும்வரையாவது பொறுக்கச் சொல்லுங்கோ என்று கிறிஸ்ரோபரிடம் கெஞ்சிப் பார்த்தேன். ஹோட்டல் திறப்பு அதற்கு முதல் வருகிறதாம். வாக்கு வாக்குத்தானாம். குருநகர் ஆம்பிளைகளுக்கு வாக்கு என்று ஒரு வியாதி இருக்கிறது, மருந்தில்லை.

சரி, வாங்குகிறவருக்கே மனம் வெறுக்கட்டும் என்று நினைத்தேன். அவர் கார் பார்க்க வந்தபோது தேத்தண்ணியோடு போய்ப் பக்கத்தில் நின்றேன். பொய் ஒன்றும் தேவைப்படவில்லை. உண்மையே போதிய அளவு அசிங்கமாக இருந்தது. மண்ணெண்ணெயில் வருசக்கணக்காக ஓடினதைச் சொன்னேன். பிரேக் ஒயிலுக்குப் பதிலாகச் சவர்க்காரத் தண்ணி விட்டு ஓடினதைச் சொன்னேன். டிக்கிக்குள் கணவாய் மீன் ஏற்றி, அந்த மணம் போக மூன்று மழைக்காலம் எடுத்ததைச் சொன்னேன். இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்த நேரம் முன் சீற்றில் கோழி அடைவைத்துக் குஞ்சு பொரித்ததையும் சொன்னேன்.

அந்த மனுசன் முகம் சுளிக்க வேண்டாமா? கண் கலங்கி நின்றார். டெலிபோனை எடுத்து, எல்லாவற்றையும் இன்னொருக்கால் சொல்லுங்கோ தங்கச்சி என்று என் குரலைப் பதிவு செய்தார். கோழி எந்தச் சீற்றில் என்று திரும்பவும் கேட்டார். போகும்போது அந்தச் சீற்றைத் தொட்டுக் கும்பிட்டார். எனக்கு என்னையே செருப்பால் அடிக்கவேண்டும் போல இருந்தது.

காரின் முகமும் வாலும் அசல் இல்லை என்றும் சொன்னேன். எண்பத்தேழில் வீட்டு மதில் இடிந்து விழுந்து முன்னும் பின்னும் சப்பளிந்துபோக, கோப்பாயில் ஏரம்பு என்ற தகரவேலைக்காரர்தான் கலண்டர் படம் ஒன்றைப் பார்த்து இரண்டையும் அடித்துப் பொருத்தினார். கோபிசங்கர் அதற்கும் அசையவில்லை. தகரத்தைத் திருத்தலாம், சாமான் அமெரிக்காவில் எடுக்கலாம், வருசம் சரியாக இருந்தால் போதும் என்றார். டாஷ்போர்டைப் பார்த்திருந்தால் ஏதாவது பிடிபட்டிருக்கும். அதில் பெற்றோல் முள்ளை மட்டும் விட்டு வெல்வெட் ஒட்டி, மாதாவும் அந்தோனியாரும் பிளாஸ்ரிக் ரோசாவுமாக நான் ஒரு விரல் இடைவெளி விடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு எங்கள் வீட்டில் ஒடியல் கூழ். கிறிஸ்ரோபரின் ஏற்பாடு. கோபிசங்கர் வெள்ளியில் மச்சம் சாப்பிடமாட்டார் என்றபடியால் நண்டும் இறாலும் இல்லாமல் மரக்கறிக் கூழ் காய்ச்சினேன். அதற்கே எனக்கு அரை உயிர் போயிற்று. கூழைக் குடித்தபடி மனுசன் பெல் எயாரின் வரலாற்றை எடுத்தார். ஐம்பத்தைந்தில் புது உடம்பும் வீ எட்டு எஞ்சினும் வந்ததாம். எங்களது ஆறு சிலிண்டர்தான், பரவாயில்லையாம். ஐம்பத்தாறில் முகத்தை மினுக்கினார்களாம். ஐம்பத்தேழில் வால் முளைத்ததாம். அந்த மூன்று வருசக் கார்களையும் ஒரு தாய் பிள்ளைகள் மாதிரி வைத்துக் கும்பிடுகிறார்களாம். லவீனா மேசைக்குக் கீழே டெலிபோன் பார்த்தாள். நான் கூழை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். இந்தக் கார்களில் ஒரு ரகசியம் இருக்கிறது என்றார். பெற்றோல் ஊற்றுகிற துவாரம் வெளியே தெரியாதாம். ஐம்பத்தாறில் அதை இடதுபக்கப் பின் லைற்றுக்குப் பின்னால் ஒளித்தார்களாம். லைற்றைத் திருப்பினால் கதவு மாதிரித் திறக்குமாம். ஐம்பத்தேழில் வாலின் நுனியில் ஓடுகிற வெள்ளித் தகட்டுக்குப் பின்னால் ஒளித்தார்களாம்.

கிறிஸ்ரோபரின் கை வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. நான் அவரைப் பார்த்தேன். அவர் கூழைப் பார்த்தார். எங்கள் செவர்லேக்கு இத்தனை வருசமும் பின் லைற்றைத் திருப்பித்தான் பெற்றோல் ஊற்றுகிறோம். ஏரம்பு பழைய லைற்றை விட்டுவைத்து, ஐம்பத்தாறுக்கு ஐம்பத்தேழின் வாலை வைத்துவிட்டார். பார்த்து அடித்த கலண்டர் படம் அப்படி. இடப்பெயர்வில் காரின் பழைய புத்தகம் தொலைந்து புதுசு எடுக்கும்போது, வாலைப் பார்த்து மாமா சொன்ன வருசத்தைப் பதிவுக் கந்தோரில் எழுதிவிட்டார்கள். அன்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது.

எனக்கு நெஞ்சுக்குள் வெடி கொளுத்தின மாதிரி ஒரு சந்தோசம். ஆனால் கோபிசங்கர் அந்தத் தகட்டை இன்னும் திறந்து பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சண்டிலிப்பாய்ப் பிள்ளையார் கோயிலடியில், நல்ல நேரத்தில், சில்லுகளுக்குத் தேசிக்காய் வைத்து, காரைக் கைமாற்றின பிறகுதான் முதல் முதலாகத் திறப்பாராம். கைமாறினால் மாறினதுதான். பிறகு அவர் எதைத் திறந்தால் எனக்கென்ன?

அவர் போனதும் கிறிஸ்ரோபர் என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"யசி, யாகப்பரிலை சத்தியம் பண்ணு. பெற்றோல் ஊத்துற இடத்தைப் பற்றி உன்ரை வாயாலை ஒரு சொல்லும் வரக்கூடாது. அப்பா சாகுமட்டும் ஐம்பத்தேழு எண்டு சொன்ன கார்."

தகப்பனை ஊர் பொய்யன் என்று சொல்லிவிடும் என்ற பயம் அவருக்கு. பாவமாகத்தான் இருந்தது. என் வாயால் ஒரு சொல்லும் வராது என்று சத்தியம் பண்ணினேன். கேட்டதைக் கேட்டபடி கொடுத்தேன். அவர் என் கைகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் கிறிஸ்ரோபர் போய், சண்டிலிப்பாய்க்குப் போகக் காணுமளவு பெற்றோல் அடித்துக்கொண்டு வந்தார். வழியில் நிற்கக்கூடாதே. ஞாயிறு காலை அவர் முதல் பூசைக்குப் போக, நான் தலையிடி என்று நின்றுவிட்டேன். பின் லைற்றைத் திருப்பினேன். கிணற்றடியில் கிடந்த பிளாஸ்ரிக் குழாயை உள்ளே விட்டேன். பெற்றோலில்லாத காலத்தில் வளர்ந்த எங்களுக்குக் குழாயால் உறிஞ்சி எடுக்க யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரு இழுவை இழுத்தேன், வந்தது. பாதி வாய்க்குள்ளும் வந்தது. வாயால் சொல்லத்தான் சத்தியம், உறிஞ்ச இல்லை. மானிப்பாய் ரோட்டு வரை போகக் காணும் என்று பட்ட அளவைத் தாங்கிக்குள் விட்டு, மிச்சத்தை ஒரு பிளாஸ்ரிக் கானில் எடுத்துக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் வைத்தேன். எவ்வளவு இருக்கிறதென்று யாருக்கும் தெரியவராது. அந்தக் காரின் பெற்றோல் முள் மாமா காலத்திலிருந்தே நிரம்பின இடத்தில் இறுகி நிற்கிறது.

வாயை உப்புத் தண்ணியால் கொப்பளித்து, கராம்பு இரண்டைப் போட்டுச் சப்பினேன். பூசையால் வந்த கிறிஸ்ரோபருக்குத் தேத்தண்ணி கொடுத்தபோது, என்ன சப்பிறாய் என்று கேட்டார். பல்லுக் கொதி என்றேன். தலையிடியும் பல்லுக் கொதியும் ஒரே நாளில் வந்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கோபிசங்கர் பட்டு வேட்டியோடு வந்து முன் சீற்றில் ஏறினார். மடியில் தேசிக்காய்ப் பை. நானும் வாறன் என்று பின் சீற்றில் ஏறிக்கொண்டேன். வாழ்நாள் முழுக்கச் சோடித்த சீற்றில் கடைசியாக ஒருக்கால் இருந்து பார்க்கிறேன் என்று சொன்னேன். கிறிஸ்ரோபர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ஸ்ராட் பண்ணினார். பட்டணத்துக்குள் ஒரு பெற்றோல் செட்டைத் தாண்டினோம். ஓட்டுமடம் கழிய இன்னொன்றைத் தாண்டினோம். ஆனைக்கோட்டை தாண்டியும் கார் நிற்காமல் போனது. கணக்குப் பிழைத்துவிட்டதோ என்று அந்தோனியாரைப் பார்த்துக் கும்பிடத் தொடங்கினேன். மானிப்பாய்க்குக் கிட்ட செவர்லே இரண்டு இருமல் இருமி நின்றது.

கிறிஸ்ரோபர் இறங்கி பொனற்றைத் திறந்தார். எதையோ தட்டினார், எதையோ ஊதினார். பெற்றோல் பம்ப் பிழை என்றார். கோபிசங்கர் மணிக்கூட்டைப் பார்த்தார். நல்ல நேரம் தொடங்கிவிட்டது.

"முள்ளு நிரம்பக் காட்டுது, ஆனால் தாங்கி காலி தம்பி. சத்தத்திலையே தெரியுது. உதிலை செட் தெரியுது, தள்ளுவம்."

நீங்கள் நிழலில் நில்லுங்கோ அண்ணை, நான் கானில் வாங்கிவாறன் என்று கிறிஸ்ரோபர் இரண்டு தரம் சொன்னார். அவ்வளவு உசாரில்லாமல் சொன்ன மாதிரி எனக்குப் பட்டது. கோபிசங்கர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். பின்னுக்கு வந்து, தங்கச்சி இறங்கினால் பாரம் குறையும் என்றார்.

நான் கதவில் கை வைத்தேன். வெளியிலிருந்து கிறிஸ்ரோபர் அதைச் சாத்தினார்.

"அவ இருக்கட்டும் அண்ணை. அவ ஒருக்கால் தள்ளினது காணும்."

அவர் ஸ்ரியறிங்கை யன்னலால் பிடித்துக்கொண்டு பக்கத்தால் தள்ள, பட்டு வேட்டிக்காரர் பின்னால் தள்ள, நான் பின் சீற்றின் நடுவில் நிமிர்ந்து இருந்தேன். கால் நிலத்தில் படவில்லை. மானிப்பாய் ரோட்டில் ஒரு பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது.

செட்டுக்குள் போனதும் கோபிசங்கருக்கு மூச்சு வாங்கினாலும் முகம் மலர்ந்திருந்தது. நல்ல நேரத்தில் வந்து நின்றது பிள்ளையாரின் விருப்பம், இங்கேயே திறந்து காட்டுகிறேன் என்றார். பெற்றோலுக்கு நின்ற ஓட்டோக்காரரையும் மோட்டச்சைக்கிள்காரரையும் கூப்பிட்டு, அமெரிக்கக்காரன் எங்கே ஒளித்தான் என்று பாருங்கோ என்று இடது வாலின் வெள்ளித் தகட்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. திருகினார். வரவில்லை. ஒரு காலை பம்பரில் ஊன்றி இழுத்தார்.

தகடு முழுசாகக் கையோடு வந்தது. உள்பக்கத்தில் பாதி மாடும் ஒரு புல்வெளியும். ஏரம்பு அதைப் பால்மா டின்னில் வெட்டியிருந்தார். தகடு இருந்த இடத்தில் துவாரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, வெறும் தகரம்.

பின்னால் நின்ற லொறிக்காரன் ஹோன் அடித்தான். கிறிஸ்ரோபர் என்னைப் பார்த்தார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். அவர் மெல்ல நடந்து போய், பின் லைற்றைப் பிடித்துத் திருப்பினார். அது கதவு மாதிரித் திறந்தது. பெற்றோல் அடிக்கிறவர் குழாயை விட்டு அடித்தார்.

கோபிசங்கர் செட்டின் சீமெந்துத் திண்ணையில் குந்திவிட்டார். பட்டு வேட்டியில் எண்ணெய். அந்த ஆளைப் பார்க்க எனக்கே அந்தரமாகப் போயிற்று. அவர் மாட்டைப் பார்த்தார், லைற்றைப் பார்த்தார், திரும்ப மாட்டைப் பார்த்தார். திடீரென்று வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

"தம்பி, ஐம்பத்தேழு நான் கனடாவிலை கனக்கப் பாத்திட்டன். பால்மா டின்னிலை வால் முளைச்ச ஐம்பத்தாறு உலகத்திலை இது ஒண்டுதான். பலகையை மாத்தி எழுதுறன். வாங்கோ, நல்ல நேரம் போகுது."

எனக்கு உலகம் இருண்டது. கோழிக் கதையைக் கேட்டு அழுத மனுசன் இதற்கும் இப்படித்தான் செய்வார் என்று யோசித்திருக்க வேண்டாமா நான்? உறிஞ்சினதெல்லாம் வீண். லவீனாவின் முகத்தில் எப்படி முழிக்கிறது? வந்த அழுகையை அடக்க முடியவில்லை. சத்தியத்தை மறந்து வாயைத் திறக்கப் போனேன். கிறிஸ்ரோபர் முந்திவிட்டார்.

"அண்ணை, ஐம்பத்தேழு தாறன் எண்டுதான் நான் உங்களுக்கு வாக்குக் குடுத்தனான். என்னட்டை ஐம்பத்தேழு இல்லை."

"உதுதானே கார்?"

"இது ஐம்பத்தாறு. இதுக்கு நான் ஒருத்தருக்கும் வாக்குக் குடுக்கேல்லை. இதிலை என்ரை பெட்டை கோயிலுக்குப் போகவேணும்."

ஓட்டோக்காரர் ஒருவர், அது நியாயம்தானே என்றார். வருசம்தான் முக்கியம், மிச்சமெல்லாம் தகரம் என்று எங்கள் முற்றத்தில் நின்று சொன்னவர் கோபிசங்கர்தான். கடைசியில் பால்மாத் தகட்டையாவது தருவியளோ என்று கேட்டார். கிறிஸ்ரோபர் கொடுத்தார். கலியாணத்துக்குச் சொல்லமாட்டியளோ என்றும் கேட்டார்.

"கட்டாயம் வாங்கோ அண்ணை. தள்ள ஆள் வேணும்."

அவரைச் சண்டிலிப்பாயில் தேசிக்காய்ப் பையோடும் தகட்டோடும் இறக்கிவிட்டுத் திரும்பினோம். முன்னுக்கு வா என்று கிறிஸ்ரோபர் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. பின் சீற்றிலேயே இருந்தேன். ஆனைக்கோட்டை கழிந்த பிறகுதான் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"பல்லுக் கொதி எப்பிடி?"

நான் சீற்றின் மடிப்பை நீவிவிட்டேன்.

"தேத்தண்ணி தரேக்கையே மணந்தது, யசி. கராம்புக்கு அடங்கிற மணமே உது? ரெண்டு செட் தாண்டினனான். ஒண்டிலையாவது திருப்பினனானோ?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முப்பது வருசமாக இந்தக் கள்ள மனுசனோடு குடும்பம் நடத்துகிறேன், அவரை நான் ஏமாற்றினதாக நினைத்துக்கொண்டு. சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் யாகப்பரில் பண்ணின சத்தியம். பெற்றோலைப் பற்றி என் வாயால் ஒரு சொல்லும் வராது.

யன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஓட்டுமடத்திலிருந்து குருநகர் மட்டும், ரோட்டால் போன சனத்துக்கெல்லாம் கை காட்டிக்கொண்டே வந்தேன்.